துடிப்பு சொல்லும் நிறை

பாடம் 8: உரைநடை (அறிவியல் தமிழ்)

கற்றல் நோக்கங்கள்

- அறிவியல் செய்தியைத் தமிழில் படித்துப் பொருள் உணர்தல்
- ஒரு முடிவு எவ்வகைச் சான்றுகளால் எட்டப்படுகிறது என்பதைப் படிப்படியாக விளக்குதல்
- பண்புத்தொகை, வினைத்தொகை ஆகியவற்றை இனங்காணுதல்

நுழையும் முன்

கண்ணால் காணும் பொருளைத் தராசில் இட்டு நிறுக்கலாம். காணவே இயலாத பொருளை எவ்வாறு நிறுப்பது? ஒளியையும் விழுங்கிவிடும் கருந்துளைகளின் நிறையை வானியலாளர் மதிப்பிடுகின்றனர். அதற்குத் துணைநிற்கும் துப்புகளுள் ஒன்று, கருந்துளைக்கு அருகிலிருந்து வரும் ஊடுகதிர்களின் துடிப்பு. அத்துடிப்பைப் படிக்கும் முறையையும், அதனை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையும் இப்பாடத்தில் அறிவோம்.

இருளைச் சூழ்ந்த ஒளி

மிகப் பெரிய நிறை மிகச் சிறிய இடத்தில் ஒடுங்கும்போது கருந்துளை உண்டாகிறது. அதனைச் சுற்றி ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையைக் கடந்து உள்ளே சென்ற எதுவும் வெளியே மீளாது; ஒளியும் மீளாது. இதனை நிகழ்வெல்லை என்பர். ஒளி வெளிவராத காரணத்தால் கருந்துளையை நேரே காண இயலாது.

ஆயினும் கருந்துளையின் சுற்றுப்புறம் எப்போதும் இருண்டிருப்பதில்லை. அருகிலுள்ள விண்மீனின் வாயு அதனை நோக்கி ஈர்க்கப்படும்போது, நேராக உள்ளே விழுவதில்லை. தொட்டியின் அடித்துளையை நோக்கிச் சுழன்று இறங்கும் நீரைப்போல, அது சுற்றிச் சுற்றி வந்து தட்டையான சுழல்வட்டாக அமைகிறது. வட்டின் அடுக்குகள் ஒன்றோடொன்று உராய்ந்து வெப்பமடைகின்றன. நிகழ்வெல்லையை நெருங்க நெருங்க வெப்பம் மிகுகிறது. வட்டின் உட்பகுதியிலிருந்தும், அதன் அருகே பரவியுள்ள கடுவெப்ப வாயுவிலிருந்தும் ஊடுகதிர்கள் புறப்படுகின்றன. மருத்துவமனையில் எலும்பைப் படம்பிடிக்க உதவும் எக்ஸ் கதிர்கள்தாம் இவை.

இக்கதிர்கள் ஒரே சீராக வருவதில்லை. வாயு உள்நோக்கி வரும் அளவு கூடுவதும் குறைவதுமாக இருப்பதால், ஒளியும் கூடியும் குறைந்தும் துடிக்கிறது. இத்துடிப்பு கடிகாரத்தின் ஒலியைப்போல ஒழுங்கானதன்று. காற்றில் ஆடும் சுடரைப்போல ஒழுங்கற்றது. ஒழுங்கற்றதாயினும், அதற்குள் ஒரு செய்தி மறைந்துள்ளது.

சரக்கு வண்டி கற்பிக்கும் பாடம்

நிலையத்தில் நிற்கும் நீண்ட சரக்கு வண்டி புறப்படுவதை நீங்கள் கவனித்திருக்கலாம். என்ஜின் இழுத்தவுடன் எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் அசைவதில்லை. முதற்பெட்டி அசைந்து இரண்டாம் பெட்டியை இழுக்கும். இரண்டாம் பெட்டி மூன்றாவதை இழுக்கும். ‘தடக், தடக்’ என்னும் ஒலி பெட்டிக்குப் பெட்டி தாவிக் கடைசிப் பெட்டி வரை ஓடும். பெட்டிகள் மிகுந்தால் கடைசிப் பெட்டி அசைவதற்கு ஆகும் காலமும் மிகும். வண்டியைப் பாராமல் ஒலியை மட்டும் கேட்பவரும், அது நெடிய வண்டியா குறுகிய வண்டியா எனக் கூறிவிடலாம்.

விண்பொருள்களுக்கும் இது பொருந்தும். ஒளிரும் பகுதி முழுவதும் ஒருங்கே மங்க வேண்டுமானால், மாற்றம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பரவ வேண்டும். ஒளியைவிட வேகமாக எதுவும் பரவாது. ஒளி ஒரு நொடியில் ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். ஆகவே, ஒரு பொருளின் ஒளி ஒரே நொடிக்குள் பெருமளவு மாறினால், ஒளிரும் பகுதியின் அகலம் பொதுவாக 3 இலட்சம் கிலோமீட்டரை விஞ்சாது. காலத்தை அளந்தோம், அகலத்தின் மேல்வரம்பு கிடைத்தது.

கருந்துளைகளுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. இரும்புக் குண்டின் நிறையை இரண்டு மடங்காக்கினால் அதன் விட்டம் இரண்டு மடங்காவதில்லை. கருந்துளையின் நிறை இரண்டு மடங்கானால், அதன் நிகழ்வெல்லையின் விட்டமும் இரண்டு மடங்காகிறது. சுழலாத கருந்துளையில் ஒவ்வொரு சூரிய நிறைக்கும் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் ஆரம் என்பது கணக்கு. எனவே காலம் அகலத்தைச் சொல்ல, அகலம் நிறையைச் சொல்லும்.

கீழுள்ள எளிய கணக்கைப் பாருங்கள்.

| கருந்துளை | நிறை (சூரிய நிறையில்) | விட்டம் | ஒளி கடக்கும் காலம் |
|---|---|---|---|
| சிக்னஸ் எக்ஸ்-1 | 21 | 126 கி.மீ. | நொடியில் 2,000இல் ஒரு பங்கிற்கும் குறைவு |
| பால்வழியின் நடுவிலுள்ளது | 40 இலட்சம் | 2.4 கோடி கி.மீ. | 80 நொடி |
| எம் 87 திரளின் நடுவிலுள்ளது | 650 கோடி | 3,900 கோடி கி.மீ. | 36 மணி நேரம் |

சிறிய கருந்துளை கண்ணிமைக்கும் முன் துடிக்கக்கூடும். மிகப் பெரியதோ, குறிப்பிடத்தக்க அளவு மாறுவதற்கு நாள்கணக்கில் காலம் எடுத்துக்கொள்ளும்.

அன்னத்தில் ஒரு துடிப்பு

விண்ணிலிருந்து வரும் ஊடுகதிர்களை நம் வளிமண்டலம் தடுத்துவிடுகிறது. அவற்றைக் காண, வளிமண்டலத்திற்கு மேலே கருவிகளை அனுப்ப வேண்டும். 1970ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள், ஊடுகதிர் வானியலுக்கென்றே உருவாக்கப்பட்ட முதல் செயற்கைக்கோள் கென்யக் கடற்கரைக்கு அப்பாலுள்ள மேடையிலிருந்து ஏவப்பட்டது. அந்நாள் கென்யாவின் விடுதலை நாள். ஆதலால் சுவாகிலி மொழியில் ‘விடுதலை’ எனப் பொருள்படும் ‘உஹுரு’ என்னும் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.

அன்னப்பறவையின் உருவில் அமைந்த சிக்னஸ் விண்மீன் குழுவில் ‘சிக்னஸ் எக்ஸ்-1’ என்னும் ஊடுகதிர் மூலம் உள்ளது. அதன் ஒளி ஒரு நொடிக்கும் குறைந்த காலத்தில் மாறுவதை 1971இல் உஹுருவின் பதிவுகள் காட்டின. சூரியனின் விட்டம் ஏறத்தாழ 14 இலட்சம் கிலோமீட்டர். சிக்னஸ் எக்ஸ்-1இல் ஊடுகதிர் வரும் பகுதியோ சூரியனைவிட மிகச் சிறியது என்பது துடிப்பினாலேயே தெளிவாயிற்று.

அப்படியானால் அது கருந்துளைதானா? துடிப்பு மட்டும் அவ்வினாவுக்கு விடை தரவில்லை. நியூட்ரான் விண்மீனும் மிகச் சிறியதே. அதனைச் சூழ்ந்த ஒளியும் விரைந்து துடிக்கும். ஆகவே வேறொரு சான்று தேவைப்பட்டது. லூயிஸ் வெப்ஸ்டர், பால் முர்டின் ஆகியோர் இங்கிலாந்திலும், டாம் போல்ட்டன் கனடாவிலும் அதே இடத்தில் காணப்படும் நீல விண்மீனை ஆராய்ந்தனர். அவ்விண்மீன் கண்ணுக்குப் புலப்படாத ஒரு துணையோடு சேர்ந்து 5.6 நாள்களுக்கு ஒருமுறை சுற்றிவருவதைக் கண்டனர். அத்துணை, நியூட்ரான் விண்மீனாக இருக்க இயலாத அளவுக்கு நிறை மிக்கது எனக் கணக்கு காட்டியது. இருந்தும் ஐயம் உடனே நீங்கவில்லை. அது கருந்துளை அன்று என 1974இல் ஸ்டீபன் ஹாக்கிங் தம் நண்பர் கிப் தோர்னிடம் பந்தயம் கட்டினார். 1990இல்தான் தோல்வியை ஒப்புக்கொண்டார். 2021இல் வெளிவந்த அளவீடு அதன் நிறை 21 சூரிய நிறை எனக் கூறுகிறது.

பால்வழியின் நடுவே

நாம் வாழும் பால்வழித் திரளின் நடுப்பகுதி ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. 2000ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ‘சந்திரா’ ஊடுகதிர் விண்நோக்கி அங்கே ஒரு திடீர் ஒளிர்வைக் கண்டது. அவ்வொளி ஒரு கட்டத்தில் ஏறத்தாழ பத்து நிமிடங்களுக்குள் சடுதியாகக் குறைந்தது. பத்து நிமிடத்தில் ஒளி 18 கோடி கிலோமீட்டர் செல்லும். பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தொலைவு 15 கோடி கிலோமீட்டர். எனவே ஒளிர்ந்த பகுதி அத்தொலைவை ஒத்த சிறு பரப்புக்குள் அடங்கியது எனத் தெரிந்தது.

அதே இடத்தைச் சுற்றிவரும் விண்மீன்களை ரைன்ஹார்ட் கென்செல், ஆண்ட்ரியா கெஸ் ஆகியோரின் குழுக்கள் பல்லாண்டுகள் தனித்தனியே கவனித்தன. அவ்விண்மீன்களுள் ஒன்று 16 ஆண்டுகளில் ஒரு சுற்றை நிறைவு செய்கிறது. அதன் பாதையைக் கணக்கிட்டபோது, நடுவிலுள்ள பொருள் 40 இலட்சம் சூரியன்களின் நிறை கொண்டது என்பது உறுதியாயிற்று. இப்பணிக்காக இருவரும் 2020ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். துடிப்பு சொன்ன அகலத்தையும், விண்மீன் பாதை சொன்ன நிறையையும் சேர்த்து நோக்குங்கள். அத்துணை சிறிய இடத்தில் அத்துணை பெரிய நிறை அடங்க வேண்டுமானால், அது கருந்துளையாகவே இருத்தல் வேண்டும்.

உடுக்கையும் முரசும்

கையடக்கமான உடுக்கையின் ஒலி கூர்மையாக ஒலிக்கும். பெரிய முரசின் ஒலி ஆழ்ந்து முழங்கும். உடுக்கையின் தோல் விரைந்து அதிர்கிறது. முரசின் தோல் மெல்ல அதிர்கிறது. கருந்துளைகளும் அவ்வாறே அளவுக்கேற்பத் துடிக்கின்றனவா? இவ்வினாவுக்கு விடை காண, இடைவிடாத நீண்ட பதிவுகள் வேண்டும். பூமிக்கு அருகே சுற்றும் செயற்கைக்கோள்களின் பார்வையைப் பூமியே அடிக்கடி மறைத்துவிடும். 1983இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் ‘எக்ஸோசாட்’, நான்கு நாள்களுக்குச் சற்றுக் குறைந்த காலத்தில் ஒரு சுற்றை முடிக்கும் நெடும்பாதையில் சென்றது. அதனால் ஒரே பொருளைத் தொடர்ந்து நெடுநேரம் கவனிக்க முடிந்தது. பின்னர் 1995இல் ஏவப்பட்ட அமெரிக்காவின் ‘ரோசி’, தொலைதூரத் திரள்களின் நடுப்பகுதிகளைப் பல்லாண்டுகள் மீண்டும் மீண்டும் நோக்கியது.

கடலில் பேரலைகள் மெல்ல எழுந்து விழும். அவற்றின்மேல் சிற்றலைகள் விரைந்து நெளியும். ஊடுகதிர்த் துடிப்பிலும் மெதுவான பெரிய ஏற்ற இறக்கங்களும், விரைவான சிறிய ஏற்ற இறக்கங்களும் கலந்துள்ளன. ஒரு குறிப்பிட்ட கால அளவைவிட விரைவான துடிப்புகள் சட்டென வலுவிழக்கின்றன. அக்கால அளவை நாம் முறிவுக்காலம் என்று அழைப்போம். இயான் மெக்ஹார்டியும் அவருடைய குழுவினரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு, நிறை கூடக் கூட முறிவுக்காலமும் கூடுவதைக் காட்டியது. விண்மீன் அளவிலான சிறு கருந்துளைகளும், திரள்களின் நடுவிலுள்ள பெருங்கருந்துளைகளும் ஒரே விதிக்கு உட்பட்டிருந்தன.

ஓர் எடுத்துக்காட்டு. 10 சூரிய நிறையுள்ள கருந்துளையின் முறிவுக்காலம் நொடியில் பத்தில் ஒரு பங்கு எனக் கொள்வோம். 1 கோடி சூரிய நிறையுள்ள கருந்துளை அதைவிட 10 இலட்சம் மடங்கு பெரியது. தன் நிறைக்கேற்ப அதே விகிதத்தில் அதுவும் வாயுவை உட்கொண்டால், அதன் முறிவுக்காலம் 10 இலட்சம் மடங்காகி 1 இலட்சம் நொடியாகும். அது ஒரு நாளைவிடச் சற்று மிகுதி.

துப்பு தீர்ப்பாகுமா?

‘தன் நிறைக்கேற்ப அதே விகிதத்தில்’ என்னும் நிபந்தனையை மறத்தல் ஆகாது. கருந்துளை வாயுவை மிகுதியாக உட்கொண்டால் துடிப்பும் விரைவாகிறது. மிகுதியாக உண்ணும் பெரிய கருந்துளையும், குறைவாக உண்ணும் சிறிய கருந்துளையும் ஒரே விரைவில் துடிக்கக்கூடும். துடிப்பை மட்டும் நம்பினால் இரண்டையும் ஒன்றெனக் கொள்ள நேரும். ஆகவே வானியலாளர் ஒளியின் மொத்த அளவையும் சேர்த்துக் கணக்கிடுகின்றனர். வேறு முறையில் நிறை தெரிந்த கருந்துளைகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கின்றனர். அதன் பின்னரே, சுற்றிவரும் விண்மீன்களைப் பிரித்துக் காண இயலாத தொலைதூரத் திரள்களுக்கு இம்முறையைப் பயன்படுத்துகின்றனர்.

ரேடியோ அலைகளில் எடுக்கப்பட்ட படங்களும் இதே உண்மையை வேறு வழியில் காட்டின. எம் 87 திரளின் கருந்துளையும், பால்வழியின் கருந்துளையும் 2017 ஏப்ரலில் உலகெங்குமுள்ள தொலைநோக்கிகளால் நோக்கப்பட்டன. முன்னதன் படம் 2019இல் வெளிவந்தது. பின்னதன் படம் 2022இல்தான் வெளிவந்தது. எம் 87இன் கருந்துளை அசையாது நிற்கும் யானையைப்போல நோக்கும் பொழுதில் மாறாதிருந்தது. நம் திரளின் சிறிய கருந்துளையோ, கிளைதாவும் சிட்டுக்குருவியைப்போலச் சில நிமிடங்களிலேயே தோற்றம் மாறியது. ஆதலால் அதனைப் படமாக்குவது கடினமாயிற்று.

இந்தியாவும் இத்துறையில் பங்காற்றுகிறது. 2015 செப்டம்பர் 28ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ‘ஆஸ்ட்ரோசாட்’ ஏவப்பட்டது. அதிலுள்ள கருவிகளுள் ஒன்று, மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவானது. ஊடுகதிர் வந்து சேரும் நேரத்தை நொடியின் இலட்சத்தில் ஒரு பங்கு நுட்பத்துடன் அது குறிக்கும். விரைந்து துடிக்கும் சிறு கருந்துளைகளை ஆராய இந்நுட்பம் இன்றியமையாதது.

காண முடியாததை அறிய முடியாது என்று அறிவியல் கைவிட்டுவிடுவதில்லை. கிடைத்த துப்பைப் பொறுமையாகப் படிக்கிறது; அத்துப்பு தவறாக வழிகாட்டக்கூடிய இடம் எது என்றும் ஆராய்கிறது. இவ்விரண்டும் இணையும்போதே கணிப்பு அறிவாகிறது.

தெரிந்துகொள்வோம்

‘சந்திரா’ விண்நோக்கி 1999 ஜூலை 23ஆம் நாள் ஏவப்பட்டது. சுப்பிரமணியன் சந்திரசேகர் என்னும் அறிவியலாளரின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டுள்ளது. தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த அவர், 1910இல் லாகூரில் பிறந்தார். தந்தையார் இரயில்வே கணக்குத் துறையில் பணியாற்றியமையால் குடும்பம் அங்கே வாழ்ந்தது. பின்னர் இலக்னோவுக்கும், அதன்பின் சென்னைக்கும் இடம்பெயர்ந்தது. இளமையில் அவருக்குத் தாயாரே தமிழ் கற்பித்தார். வெண்குறுமீன் ஏறத்தாழ 1.4 சூரிய நிறைக்கு மேல் நிலைத்திருக்க இயலாது என அவர் கண்டறிந்தார். 1983இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்.

சொல்லும் பொருளும்

- துப்பு – உண்மையை அறிய உதவும் அடையாளம்
- சடுதியாக – திடீரென
- விஞ்சாது – மிகாது
- மீளாது – திரும்பாது
- திரள் – கூட்டம். இங்கு, கோடிக்கணக்கான விண்மீன்களின் தொகுதி
- ஒளியாண்டு – ஒளி ஓர் ஆண்டில் செல்லும் தொலைவு
- வெண்குறுமீன் – எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்
- நியூட்ரான் விண்மீன் – வெண்குறுமீனைவிட மிகுதியாகச் சுருங்கிய விண்மீன்

இலக்கணம் அறிவோம்

கருந்துளை = கருமை + துளை. ‘மை’ ஈற்றுப் பண்புப்பெயர் பெயரோடு சேர்ந்து, ‘மை’ விகுதி மறைந்து வருவது பண்புத்தொகை.

சுழல்வட்டு = சுழன்ற வட்டு, சுழல்கின்ற வட்டு, சுழலும் வட்டு. காலம் காட்டும் இடைநிலை மறைந்து, மூன்று காலத்திற்கும் பொருந்தி வருவது வினைத்தொகை.

பயிற்சிகள்

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுக்க.

1. ‘உஹுரு’ என்னும் சொல்லின் பொருள்
 (க) ஒளி (ங) விடுதலை (ச) அன்னம் (ஞ) துடிப்பு

2. கருந்துளையின் நிறை மூன்று மடங்கானால் அதன் நிகழ்வெல்லையின் விட்டம்
 (க) மாறாது (ங) பாதியாகும் (ச) மூன்று மடங்காகும் (ஞ) ஒன்பது மடங்காகும்

ஆ. பண்புத்தொகை, வினைத்தொகை எனப் பிரித்து எழுதுக.

 செந்தாமரை, ஊறுகாய், வெண்ணிலவு, சுடுசோறு, நெடும்பாதை

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. ஊடுகதிர்களைக் காணக் கருவிகளை வளிமண்டலத்திற்கு மேலே அனுப்புவது ஏன்?
2. எக்ஸோசாட்டின் நெடும்பாதை ஆய்வுக்கு எவ்வாறு உதவியது?

ஈ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.

1. சரக்கு வண்டியின் எடுத்துக்காட்டு எவ்வுண்மையை விளக்குகிறது?
2. சிக்னஸ் எக்ஸ்-1 கருந்துளை என முடிவு செய்யத் துடிப்பு மட்டும் போதாமைக்குக் காரணம் என்ன?

உ. கணக்கிட்டு எழுதுக.

ஒரு விண்பொருளின் ஊடுகதிர் ஒளி 20 நொடிகளில் பெருமளவு மாறுகிறது. ஒளிரும் பகுதியின் அகலம் எவ்வளவுக்கு மேல் இருக்க இயலாது?

ஊ. செயல்பாடு

நீங்கள் வாழும் ஊரில் கண்ணால் காணாமலேயே, ஒலியாலோ மணத்தாலோ நீங்கள் அறிந்துகொள்ளும் மூன்று செய்திகளை எழுதுக. ஒவ்வொன்றிலும் உங்கள் கணிப்பு தவறக்கூடிய சூழல் ஒன்றையும் குறிப்பிடுக. எழுதியதை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் தமிழில் படித்துக்காட்டுக.